முதல் மாரடைப்புக்குப் பின்: இரத்தக் கொழுப்பின் இலக்கு



இதயம் பற்றிய மேடைகளில் மாரடைப்பு வராமல் காப்பது எப்படி என்றுதான் பெரும்பாலும் பேசுகிறோம். மாரடைப்பு வந்து, பிழைத்து, வீடு திரும்பியவர்களைப் பற்றிப் பேச நான் இன்றைய பொழுதைப் பயன்படுத்திக்கொள்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நடந்து வெளியே போனவர்களில் சிலர் ஓரிரு ஆண்டுகளில் அதே வலியோடு திரும்பி வருகிறார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் பலர் சொல்லும் பதில் ஒன்றே: "ஆறு மாசம் போட்டேன் டாக்டர். டெஸ்ட்ல கொழுப்பு நார்மல்னு வந்துச்சு. நிறுத்திட்டேன்."

இந்தப் பதிலில் இருக்கும் நம்பிக்கை நியாயமானதாகத் தோன்றுகிறது. ஆனால் அது உயிரைப் பறிக்கிறது. ஆய்வகத் தாளின் வலது ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவு, மாரடைப்பு வராத பொதுமக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு வேறு இலக்கு உண்டு. அது அந்த அளவுக்கு வெகு கீழே இருக்கிறது. அதைத் தொட வேண்டும், தொட்ட பிறகு வாழ்நாள் முழுவதும் அங்கேயே நிற்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதை ஏன் நம்ப வேண்டும் என்பதற்கான சான்றுகளை இனி வரிசையாக எடுத்துவைக்கிறேன்.

அடைப்பு நீங்கியது, நோய் நீங்கவில்லை

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், "அடைப்பை எடுத்துட்டாங்க, இனிப் பயமில்லை" என்று சொல்வது இயல்பு. அவருடைய அடைப்பு நீங்கியது உண்மை. அந்த அடைப்பை உண்டாக்கிய நோய் மட்டும் நீங்கவில்லை.

ஸ்வீடன் நாட்டில் மாரடைப்பு வந்த ஒவ்வொருவரையும் பதிவேட்டில் சேர்த்துத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். 2006 முதல் 2011 வரை அங்கே மாரடைப்புக்குப் பின் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 97,000-க்கும் மேற்பட்டோரின் கணக்கை 2015-இல் வெளியிட்டார்கள். முதல் ஓராண்டுக்குள் அவர்களில் 18 சதவீதம் பேருக்கு மீண்டும் மாரடைப்போ, பக்கவாதமோ, இதயநோயால் மரணமோ நேர்ந்தது. முதல் ஆண்டை நலமாகக் கடந்தவர்களிலும் ஐந்தில் ஒருவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அதே நிலைக்கு வந்தார். நல்ல மருத்துவ வசதி உள்ள நாட்டின் கணக்கு இது. ஓராண்டு தாண்டினால் ஆபத்து தாண்டியது என்ற எண்ணத்துக்கு இதில் ஆதாரமில்லை.

இரண்டாவது மாரடைப்பு எங்கிருந்து வருகிறது? 2011-இல் வெளியான ப்ராஸ்பெக்ட் ஆய்வு இதற்கு விடை தந்தது. மாரடைப்பு அல்லது அதற்கு நெருங்கிய நிலையில் வந்த 697 பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, இதயத்தின் மற்ற இரத்தக் குழாய்களையும் உள்ளிருந்தே படம் எடுத்து வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் மறுபடியும் வந்த பாதிப்புகளில் ஏறத்தாழப் பாதி, சிகிச்சை செய்த இடத்தில் வந்தது. மறுபாதி சிகிச்சை செய்யாத வேறு இடங்களில் வந்தது. அந்த வேறு இடங்களில் முதல் ஆஞ்சியோகிராமின்போது தெரிந்த அடைப்பு சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்தது. பார்த்தவர்கள் "சாதாரணம்" என்று விட்டுவிடக்கூடிய இடங்கள் அவை.

ஸ்டென்ட் ஒன்றிரண்டு அங்குல நீளத்துக்குக் குழாயைத் திறந்துவைக்கிறது. எஞ்சிய குழாய் முழுவதையும் காக்க வேண்டியது இரத்தத்தில் ஓடும் மருந்துதான்.

சுவருக்குள் நுழைவது எது?

கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. அதனால் கல்லீரல் அதைப் புரத உறை போர்த்திய நுண்துகள்களாகக் கட்டி இரத்தத்தில் அனுப்புகிறது. அவற்றில் எல்.டி.எல். துகள்கள் இரத்தக் குழாயின் உட்சுவருக்குள் புகுந்து, அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பு நிறைந்து அங்கேயே மடிகின்றன. பல்லாண்டுகளில் அது மெல்லிய மூடி போட்ட படிவாகிறது. மூடி கிழிந்தால் இரத்தம் அந்த இடத்தில் உறைகிறது. மாரடைப்பு நேரும் விதம் பெரும்பாலும் இதுதான்.

டெக்சாஸ் மாநிலம் டாலஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும், எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் செல்களின் மேல் இருப்பதைக் கண்டறிந்தார்கள். 1985-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானில் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சலித்து, 1970-களில் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். ஸ்டாட்டின், கல்லீரலில் கொலஸ்ட்ரால் தயாராவதைக் குறைக்கிறது. தட்டுப்பாட்டை உணரும் கல்லீரல் தன் மேற்பரப்பில் ஏற்பிகளைப் பெருக்கி, இரத்தத்திலுள்ள எல்.டி.எல். துகள்களை இழுத்துக்கொள்கிறது. மருந்தை நிறுத்தினால் ஏற்பிகள் குறைகின்றன, சில வாரங்களிலேயே எல்.டி.எல். பழைய அளவுக்குத் திரும்புகிறது. பரிசோதனைத் தாளில் கண்ட நல்ல எண் அந்த மாத்திரை தந்த எண். மாத்திரை நின்றால் அந்த எண் நிலைக்காது.

1994: ஐயம் தீர்ந்த ஆண்டு

இன்று ஸ்டாட்டின் எழுதுவது எளிது. 1990-களின் தொடக்கத்தில் நல்ல மருத்துவர்களே தயங்கினார்கள். கொலஸ்ட்ராலைக் குறைத்தால் மாரடைப்பு குறையலாம், ஆனால் வேறு காரணங்களால் சாவு கூடிவிடுமோ என்ற அச்சம் இருந்தது. பழைய கொழுப்பு மருந்துகளின் ஆய்வுகள் சில அந்த அச்சத்துக்கு இடம் கொடுத்திருந்தன.

அந்த ஐயத்தைத் தீர்த்தது ஸ்காண்டிநேவிய நாடுகளின் சிம்வாஸ்டாட்டின் ஆய்வு. அதை நான்கு எஸ் என்பார்கள். ஏற்கெனவே மாரடைப்போ இதயவலியோ வந்த, கொலஸ்ட்ரால் மிகுந்த 4,444 பேரைச் சேர்த்து, பாதிப்பேருக்குச் சிம்வாஸ்டாட்டினும் பாதிப்பேருக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்து, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 182 பேர். இதயநோயால் மட்டும் நேர்ந்த மரணங்கள் 189-லிருந்து 111-ஆகக் குறைந்தன. வேறு காரணங்களால் மரணம் கூடவில்லை.

இதயநோய் உள்ளவர்களின் ஆயுளைக் கொழுப்பு மருந்து நீட்டுகிறது என்பது அதற்குப் பின் கருத்து வேறுபாட்டுக்குரிய விஷயமாக இல்லை.

அப்போது இன்னொரு கேள்வி எழுந்தது. அந்த 4,444 பேருக்கும் கொலஸ்ட்ரால் அதிகம். கொலஸ்ட்ரால் சராசரியாக இருந்தும் மாரடைப்பு வந்தவருக்கு? அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1996-இல் வெளியான கேர் ஆய்வு இதைத்தான் கேட்டது. மாரடைப்பு வந்த 4,159 பேர். அவர்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் 209, சராசரி எல்.டி.எல். 139. பிராவாஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் மாரடைப்பும் இதயநோய் மரணமும் 24 சதவீதம் குறைந்தன. நம் வெளிநோயாளர் பிரிவில் "எனக்குக் கொலஸ்ட்ரால் அதிகமா இருந்ததே இல்லையே, எதுக்கு இந்த மாத்திரை?" என்று கேட்பவருக்கு 1996 முதல் இதுவே விடை. மாரடைப்பு வந்துவிட்டது என்பதே, இருக்கும் கொழுப்பு அவருடைய இரத்தக் குழாய்க்கு மிகுதி என்று காட்டிவிட்டது.

எவ்வளவு கீழே?

மருந்து வேண்டும் என்பது உறுதியானதும், அளவு எது என்ற தேடல் தொடங்கியது. 2004-இல் வெளியான ப்ரூவ்-இட் ஆய்வில், மாரடைப்பு வந்து சில நாள்களேயான 4,162 பேரில் ஒரு பகுதியினருக்கு எல்.டி.எல். 95 அளவிலும் மற்றொரு பகுதியினருக்கு 62 அளவிலும் நின்றது. 62-இல் நின்றவர்களுக்கே பாதிப்பு குறைவு. 2015-இல் இம்ப்ரூவ்-இட் ஆய்வு ஸ்டாட்டினோடு எஸெட்டிமைப் என்ற மாத்திரையைச் சேர்த்து எல்.டி.எல். அளவை 70-லிருந்து 54-க்கு இறக்கியது. அதிலும் பலன். 2017-இல் ஃபூரியர் ஆய்வு, ஊசி மருந்தான எவோலோகுமாபைச் சேர்த்து 30 வரை கொண்டுபோனது. அங்கேயும் பலன் கிடைத்தது. நினைவாற்றல் மங்குமோ என்று தனியே சோதித்தார்கள், மங்கவில்லை.

இப்படிப்பட்ட ஆய்வுகளை ஆக்ஸ்போர்டைத் தலைமையாகக் கொண்ட குழு ஒன்று தொகுத்துவருகிறது. 26 ஆய்வுகளையும் ஏறத்தாழ 1,70,000 பேரையும் சேர்த்து 2010-இல் அது சொன்ன கணக்கு எளியது. எல்.டி.எல். ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறையும்தோறும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. எந்த அளவிலிருந்து தொடங்கினாலும் இந்த விகிதம் ஏறத்தாழ மாறவில்லை.

இந்தச் சான்றுகளின் மேல்தான் இன்றைய இலக்கு நிற்கிறது. ஐரோப்பிய இதயநோய்ச் சங்கம் 2019-இல் கூறியதும், இந்திய இதயநோய்ச் சங்கம் 2024-இல் கூறியதும் ஒன்றே: மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். ஒரு டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி வந்தால் 40-க்குக் கீழே என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. ஆய்வகத் தாளிலோ 100 அல்லது 130 என்று அச்சிட்டிருக்கும். 98 வந்தவர் நிம்மதியாகத் தூங்குகிறார். அவர் தன் இலக்கிலிருந்து 43 புள்ளி தொலைவில் இருக்கிறார்.

இலக்கைத் தொட ஒரு மாத்திரை போதாமல் போகலாம். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக 6 சதவீதம்தான் குறையும். எஸெட்டிமைபைச் சேர்த்தால் ஏறத்தாழ 20 சதவீதம் குறையும். அதனால் அளவை ஏற்றிக்கொண்டே போவதைவிட இரண்டாவது மருந்தைக் காலத்தே சேர்ப்பது நல்லது. ஊசி மருந்துகள் பாதிக்கு மேல் குறைக்கும். நம் நாட்டில் அவற்றின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்னும் எட்டவில்லை. மாத்திரைகளோ எட்டும் விலையில் இருக்கின்றன.

தாளை வாசிக்கும் முறை

இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் நம் மக்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு.

பெரும்பாலான ஆய்வகங்கள் எல்.டி.எல். அளவை நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் ஃப்ரீட்வால்டு தந்த சூத்திரப்படி கணக்கிடுகின்றன. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து, "நல்ல கொழுப்பு" எனப்படும் எச்.டி.எல். அளவையும், இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் வருவது எல்.டி.எல். டிரைகிளிசரைடு ஏறஏற இந்தக் கணக்கு உண்மையைக் குறைத்துக் காட்டும். 400-ஐத் தாண்டினால் கணக்கே செல்லாது.

தெற்காசியரிடம் காணும் வழக்கமான வடிவம் என்ன? டிரைகிளிசரைடு அதிகம், எச்.டி.எல். குறைவு, கூடவே சர்க்கரை நோய். ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 170, எச்.டி.எல். 34, டிரைகிளிசரைடு 240. சூத்திரப்படி எல்.டி.எல். 88. பார்க்க நன்றாக இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐ மட்டும் கழியுங்கள்: 136. எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் என்ற இந்த எண்ணில், குழாய்ச் சுவருக்குள் நுழையக்கூடிய எல்லாத் துகள்களின் கொழுப்பும் அடங்கும். மாரடைப்பு வந்தவருக்கு இது 85-க்குக் கீழே இருக்க வேண்டும். 136 எங்கே, 85 எங்கே? இதைக் கண்டுபிடிக்கக் கூடுதல் செலவு இல்லை, ஒரு கழித்தல் போதும்.

இன்னும் துல்லியமாகச் சொல்வது அப்போபி என்ற புரதம். சுவருக்குள் நுழையக்கூடிய ஒவ்வொரு துகளிலும் அப்போபி ஒன்றே ஒன்று இருக்கும். கொலஸ்ட்ராலை அளப்பது லாரிகளில் ஏற்றிய சரக்கை எடை போடுவது. அப்போபியை அளப்பது லாரிகளையே எண்ணுவது. சுவரைச் சேதப்படுத்துவது துகள்களின் எண்ணிக்கை. சரக்குக் குறைந்த சிறு துகள்கள் ஏராளமாக ஓடும் சர்க்கரை நோயாளியிடம் எல்.டி.எல். நல்ல எண்ணாக இருந்தாலும் அப்போபி உண்மையைக் காட்டிவிடும். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்போடு மிக வலுவாகத் தொடர்புடையவற்றில் அப்போபிக்கும், எச்.டி.எல். துகளின் புரதமான அப்போஏ1-க்கும் உள்ள விகிதம் முன்னணியில் நின்றது. அதே ஆய்வில் தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த வயதின் சராசரி 53. மற்றவர்களுக்கு 59. நமக்கு ஆறு ஆண்டு முன்னதாகவே வருகிறது. அப்படியானால் அதற்குப் பின் காக்க வேண்டிய ஆண்டுகளும் நமக்கு அதிகம்.

மூன்றாவது, எல்.டி.எல்.-ஐப் போன்ற இன்னொரு துகளான லிப்போபுரோட்டீன் சின்ன ஏ. நார்வேயில் கோரே பெர்க் 1963-இல் கண்டறிந்தது. இதன் அளவைத் தீர்மானிப்பது ஏறத்தாழ முழுவதும் மரபணுவே. உணவோ உடற்பயிற்சியோ இதை மாற்றாது, ஸ்டாட்டினும் குறைக்காது. ஐந்தில் ஒருவருக்கு இது 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். இதைக் குறைக்கும் மருந்துகள் பெரிய ஆய்வுகளில் இருக்கின்றன. அவை வரும்வரை, இது அதிகமுள்ளவர் எல்.டி.எல்.-ஐ மேலும் கண்டிப்பாக இறக்க வேண்டும். அவருடைய உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும். சிறு வயதில் மாரடைப்பு வந்த குடும்பங்களில் இந்த ஒரு சோதனை அடுத்த தலைமுறையைக் காக்கக்கூடும்.

"நல்ல கொழுப்பு" என்று பெயர் பெற்ற எச்.டி.எல். பற்றியும் சொல்ல வேண்டும். அது குறைவாக இருப்பது ஆபத்தின் அடையாளம் என்பது சரி. அதை மருந்தால் ஏற்றினால் பலன் உண்டா? டார்செட்ராபிப் என்ற மருந்து அதை 72 சதவீதம் ஏற்றியது. மரணங்களும் ஏறின, 2006-இல் ஆய்வையே நிறுத்தினார்கள். ஆகவே எச்.டி.எல். ஏற்றும் மாத்திரை, பொடி, லேகியம் எதற்கும் காசு செலவழிக்காதீர்கள். நடை நல்லது, புகைப்பழக்கத்தை விடுவது நல்லது. அவற்றின் பலன் எச்.டி.எல். எண்ணைத் தாண்டியது.

சோதிக்கும் காலமும் முக்கியம். மாரடைப்பு வந்து ஒருநாள் கழிந்தால் எல்.டி.எல். தானாகவே தற்காலிகமாக இறங்கும். முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்த இரத்தமே நம்பத்தக்கது. பிறகு நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். பெரும்பாலானோருக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை.

மாத்திரை ஏன் நின்றுபோகிறது?

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுப் தலைமையில், 17 நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வு 2011-இல் ஒரு வேதனையான கணக்கைச் சொன்னது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களில் ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வளம் மிக்க நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கினர். இந்தியாவை உள்ளடக்கி அந்த ஆய்வு வகுத்த குறைந்த வருவாய் நாடுகளில் 3.3 சதவீதம். நூறில் மூன்று பேர்! அறிவியல் தந்த மருந்து, அது யாருக்காக உண்டானதோ அவரிடம் போய்ச் சேரவில்லை.

விலை ஒரு காரணம். ஆனால் தமிழ்நாட்டில் அது முழுக் காரணமாக இருக்க முடியாது. நான்கு எஸ் ஆய்வு வெளியான அதே 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கித் தரும் மருந்துகளில் அட்டோர்வாஸ்டாட்டின் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்குக் கொடுக்கும் முதல் மாத்திரைகளில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலோடு அட்டோர்வாஸ்டாட்டினும் உண்டு. முதல் நாளில் கொடுக்க வழிசெய்துவிட்டோம். ஆயிரமாவது நாளிலும் அது வாய்க்குள் போகிறதா என்று கேட்பவர்தான் இல்லை. 2021 முதல் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தோடு வீடு தேடிவரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டப் பணியாளர்கள், மாரடைப்பு வந்த வீட்டில் இந்தக் கேள்வியையும் கேட்டுவிட்டு வந்தால் பல உயிர்கள் நிற்கும்.

இன்னொரு காரணம் அச்சம். தசை வலிக்கிறது என்று பலர் நிறுத்துகிறார்கள். அவர்களின் வலி உண்மையானது, அதை மருத்துவர் ஒதுக்கித்தள்ளக் கூடாது. ஆனால் வலியின் காரணம் என்ன? லண்டனில், பக்கவிளைவால் ஸ்டாட்டினை விட்ட 60 பேரிடம் நடந்த சாம்சன் ஆய்வு 2020-இல் வெளியானது. சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் வெறும் புட்டி. ஸ்டாட்டின் எடுத்தபோது வந்த தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்த பிறகு பாதிப்பேர் மருந்தை மீண்டும் தொடங்கினார்கள். உண்மையான தசைப் பாதிப்பும் உண்டு, அது அரிது. அவர்களுக்கு அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவருக்கு அது சற்று முன்னதாக வெளிப்படலாம் என்பதும் உண்மையே. மாரடைப்பு வந்தவருக்கு மருந்தின் பலன் அதைவிடப் பல மடங்கு பெரிது.

உணவு பற்றிக் கேட்பீர்கள். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைகொழுப்பு, பாமாயிலில் ஏறத்தாழப் பாதி. இரண்டையும், நெய்யையும் குறைப்பது எல்.டி.எல். இறங்க உதவும். வெள்ளைச் சோற்றையும் இனிப்பையும் மதுவையும் குறைத்தால் டிரைகிளிசரைடு இறங்கும். இவற்றை மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டும். மாரடைப்பு வந்தவரை 55-க்குக் கீழே கொண்டுபோக உணவுக் கட்டுப்பாடு மட்டும் பெரும்பாலும் போதாது.

வேண்டுகோள்

மருத்துவ நண்பர்களுக்கு: டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்துப் பட்டியலுக்கு மேலே தமிழில் ஒரு வரி எழுதுங்கள். "உங்கள் எல்.டி.எல். 55-க்குக் கீழே இருக்க வேண்டும். இந்த மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது." ஆறாவது வாரத்துக்கான சோதனை நாளையும் அதே இடத்தில் குறியுங்கள்.

ஆய்வக நண்பர்களுக்கு: மாரடைப்பு வந்தவர்களுக்கான இலக்கைப் பொது அளவின் அருகிலேயே அச்சிடுங்கள். எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ராலையும் கழித்து எழுதிவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கொழுப்பு நன்றாக இருக்கிறது என்று வந்தால், மருந்து வேலை செய்கிறது என்று மகிழுங்கள், அடுத்த மாத மாத்திரையை அன்றே வாங்கிவையுங்கள்.

பிழைத்து வந்தவர்களுக்கு: உங்களுக்கு இரண்டாவது மாரடைப்பு வந்தே தீரும் என்று எந்த விதியும் இல்லை. ஸ்காண்டிநேவியாவில் மருந்தைத் தொடர்ந்து எடுத்தவர்கள் உங்களைப் போலவே இதயநோய்க்கு ஆளானவர்கள்தான். அவர்கள் தங்கள் ஆயுளை நீட்டிக்கொண்டார்கள். அந்த மருந்து இன்று நம் ஊர் அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறது. உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள், 55-க்குக் கீழே இறக்குங்கள், அங்கேயே வைத்திருங்கள்.